பெயர் நீக்கிய கடிதம்

"கேட்டியா பொண்ணே, நாம சட்டமே இல்லாத தீவாம்! உலகத்துக்கே சொல்லிட்டான் உன் முதலாளி!"

மிஸ் ஓத்லின் வேலிக்கு வெளியே நின்று இதைச் சொன்னபோது, லுட்வினா ஜெனரேட்டர் கொட்டகையின் கூரையிலிருந்து ஓர் ஆட்டை இறக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தாள். ஆடு இறங்கவில்லை. மிஸ் ஓத்லினும் போகிற மாதிரி இல்லை.

அந்தக் கட்டடத்துக்கு ஐஸ் வீடு என்று பெயர். ஐலண்ட் ஹார்பர் ஊர் மீனவர்கள் முன்பு சிங்கி இறாலுக்கு ஐஸ் அடித்துவைத்த இடம். கரீபியன் கடலில் உள்ள அங்கில்லாத் தீவின் கிழக்குக் கோடியில், சிற்றாலயத்தின் பின்புறம், சிற்றாலயத்துக்குச் சொந்தமான நிலத்தில் நிற்கிறது. சுவர் ஒரு முழம் தடிமன். இப்போது உள்ளே ஐஸ் இல்லை, குளிர் மட்டும் இருக்கிறது. வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், அவற்றுக்குள் எந்தெந்த நாட்டிலோ இருக்கும் யார் யாருடையவோ ரகசியங்கள். சொந்த ஊரில் வைத்தால் எவனாவது புகுந்து பார்த்துவிடுவான் என்று பயப்படுகிறவர்கள் கடல் தாண்டி இங்கே அனுப்பி வைக்கிறார்கள். யார் வைத்தது, என்ன வைத்தது என்பது வைத்தவருக்கு மட்டுமே தெரியும். இதை நடத்தும் வெளிநாட்டுச் சங்கத்துக்கே தெரியாது. குளிர் குறையாமல், டீசல் தீராமல் பார்த்துக்கொள்வதும், உப்புக்காற்றில் துருவேறும் கதவுக்கு எண்ணெய் விடுவதும், ஆடு விரட்டுவதும் லுட்வினாவின் வேலை.

வந்த வினை ஒரு வீடியோ. சங்கத்தின் சார்பில் ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவன் டார்மோ, எஸ்தோனியாக்காரன். ஏதோ ஒரு பெரிய நகரத்து மேடையில் கறுப்புச் சட்டையோடு நிற்கிறான். பின்னால் திரையில் கொந்தளிக்கும் கடல், அதன் நடுவே கரும்பாறை, பாறையில் இரும்புக் கதவு, கதவருகே இரண்டு ஓநாய் போன்ற நாய்கள். 'எந்தச் சட்டமும் எட்டாத தீவு எங்களுடையது' என்கிறான். கூட்டம் எழுந்து நின்று கை தட்டுகிறது. இங்கிலாந்தில் இருக்கும் யாருடைய தங்கை மகனோ அதைப் பார்த்து வீட்டுக்கு அனுப்ப, மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது ஊரில் எல்லார் போனிலும் ஏறிவிட்டது.

"போன வருஷம் முட்டை திருடினவனுக்கே மூணு மாசம் போட்ட ஊர் இது! நமக்குச் சட்டம் இல்லியாம்! பாஸ்டர் கொதிச்சுப் போயிருக்கார். நிலத்தோட குத்தகை இந்த மாசத்தோட முடியுதில்ல? சனிக்கிழமை நாலு மணிக்கு சபை கூடுது. கை தூக்கச் சொல்லப் போறாங்க, இருக்கட்டுமா, தூக்கி எறியலாமான்னு." மிஸ் ஓத்லின் மூச்சு விட்டார். "இந்தா, இந்தக் கவுனு ஓரம் பிரிஞ்சு போச்சு. எப்ப முடியுமோ அப்ப தச்சுக் குடு."

வேலிக்கு மேலாகத் துணி வந்தது. லுட்வினா வேலிக்கு மேலாகவே வாங்கிக்கொண்டாள்.

ஒன்பது வருடமாக இப்படித்தான். வாரம் ஒரு துணி, ஏதாவது ஒரு தையல் பிரிந்திருக்கும். இந்த ஊரில் அடுத்தவர் வாசலைக் கேட்காமல் தாண்டும் வழக்கம் கிடையாது. வேலியோரம் நின்று "உள்ள யாரு?" என்று குரல் கொடுக்க வேண்டும், பதில் வரும்வரை நிற்க வேண்டும். வீடு தீப்பிடித்தாலும் முதலில் குரல், அப்புறம்தான் தண்ணீர் என்று கேலி பேசுவார்கள். மிஸ் ஓத்லின் குரல் கொடுப்பார், லுட்வினா வெளியே வந்து வாசலிலேயே பேசி வாசலிலேயே அனுப்பிவிடுவாள். 'உள்ளே வாங்க' என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த அம்மாளின் வாய் அப்படி. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்களே, ஐலண்ட் ஹார்பரின் வாய் என்றால் அது மிஸ் ஓத்லின்தான்.

அந்த வாய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. சிற்றாலயத்தில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர் அவர். ஞாயிறு மாலை யார் வேண்டுமானாலும் எழுந்து, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சி சொல்லலாம். அது போகக் கூடாத திசையில் போனால் மிஸ் ஓத்லின் ஒரு பாட்டை எடுப்பார். சபை முழுக்கச் சேர்ந்துகொள்ளும். பேசுகிறவர் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். படகுத்துறையில் மூட்டை தூக்கும் வில்மத் ஒருமுறை தான் குடியை விட்ட கதையைச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியாக யார் வீட்டுச் சமையலறையில் குடித்தார் என்ற இடத்தை நெருங்கியபோது பாட்டு எழுந்தது. அது எந்தச் சமையலறை என்று இன்றுவரை ஊருக்குத் தெரியாது. அதாவது, தெரியாது என்று ஊர் சொல்கிறது.

டார்மோ வியாழக்கிழமை வந்து சேர்ந்தான். வெயிலில் மூக்கு சிவந்து, கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஐஸ் வீட்டுக் குளிரில் உட்கார்ந்தான். லுட்வினா அவனுக்குச் சங்குக் கறி சூப்பும், ஜானி கேக் என்கிற பொரித்த ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். பேசத் தெரியாமல் பேசிவிட்ட நல்லவன் என்பது அவளுடைய கட்சி.

"அந்தப் பாறை எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"எந்தப் பாறை?"

"வீடியோவுல வச்சிருந்தீங்களே. நான் ஒம்பது வருஷமா இங்க இருக்கேன், பார்த்ததில்ல. எங்க ஊர்ல இருக்கிறதுலயே ஒசரமான மேட்டுல ஏறினா ஆட்டுக்குக் கூட மூச்சு வாங்காது."

டார்மோவுக்குக் காது வரை சிவந்தது. "அது... வரைஞ்ச படம். வெளிய அப்படித்தாங்க சொல்ல வேண்டியிருக்கு. பயந்து போய் வர்றவங்களுக்குக் கோட்டை மாதிரி ஒண்ணு காட்டணும்."

"நாய்?"

"நாயும் வரைஞ்சதுதான்."

"ஆடு நிஜம். அதையாவது போட்டிருக்கலாம்."

அவன் சிரித்தான், பிறகு தலையைப் பிடித்துக்கொண்டான். சனிக்கிழமை என்ன பேசுவது என்று தெரியவில்லை. அரசாங்கங்களின் கண்ணிலிருந்து தப்பிக்கும் தத்துவத்தை எல்லாம் சிங்கி இறால் பிடிக்கிறவர்களிடம் பேச முடியுமா?

"பாறையும் வேண்டாம், தத்துவமும் வேண்டாம்," என்றாள் லுட்வினா. "இதால நல்லா இருக்கிற ஒரு மனுஷரப் பத்திச் சொல்லுங்க. எங்க ஆளுங்களுக்கு அது போதும்."

சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதைத்தான்.

டார்மோவின் முகம் மலர்ந்தது. "ஒரு கடிதம் இருக்கு! நாலு வருஷம் முன்னால, பேர் இல்லாத பெட்டியில வந்தது. எழுதினது யாருன்னு எங்களுக்கே தெரியாது. மனசு சரியில்லாதப்ப எல்லாம் அதத்தான் எடுத்துப் படிப்பேன். ஊர் பேர், ஆள் பேர் ரெண்டு மூணு இருந்தது, அதையும் எடுத்துட்டேன். கேளுங்க." அவன் வாசித்தான். "'நான் வேறொரு தீவிலிருந்து வந்தவள். காலைப் படகில் இறங்கும்போது என் இடுப்பில் மூன்று வயது மகள், கையில் பச்சை நிறத் தையல் மெஷின்...'"

லுட்வினா சூப்புக் கிண்ணத்தை எடுத்தாள். அதில் இன்னும் பாதி இருந்ததைக் கவனிக்கவில்லை.

அவள் எழுதிய கடிதம் அது. குராசா தீவில் அவள் புருஷனுக்குப் போன் பழுது பார்க்கும் கடை. அவள் போனில் எதை ஒளித்தாலும் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவான். வீங்கிய முகத்தின் படம், டாக்டர் எழுதிக்கொடுத்த காகிதம், அவன் மிரட்டிய குரல் எல்லாவற்றையும் அவன் அழித்தான், அழித்ததற்காகவும் அடித்தான். கடைசியில் ஒரு வக்கீல் அம்மாள் ஒரு துண்டுச் சீட்டில் வழி எழுதிக் கொடுத்தாள்: இங்கே அனுப்பி வை, இது அங்கில்லாவில் இருக்கிறது, எவனாலும் தொட முடியாது. அங்கில்லா அவளுடைய செத்துப்போன அப்பாவின் ஊர். முதலில் படங்கள் போயின. பின்னாலேயே அவளும் மகள் நைராவும் போனார்கள். ஐந்து வருடம் இழுத்த வழக்கின் கடைசி நாளில் நீதிபதி அந்தப் படங்களைத் திறந்து பார்த்துவிட்டு மகளை அவளிடமே கொடுத்தார். அன்று மனசு நிறைந்து வழிந்து எழுதிய நன்றி அது. இந்த ஊரில் யாருக்கும் அவள் எதுவும் சொன்னதில்லை. புருஷன் கப்பலில் இருக்கிறான் என்றுதான் சொல்லியிருந்தாள். பன்னிரண்டு வயது நைராவும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். தீர்ப்பு வந்தது உண்மை. அதனால் அவன் தேடுவதை விட்டுவிட்டான் என்று அர்த்தமில்லை.

"எழுதினவங்கள கேட்டீங்களா, படிக்கலாமான்னு?" என்றாள்.

"எப்படிக் கேக்கறது? யாருன்னு தெரியாதே. பேர எடுத்தாச்சு, இனிமே யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. உலகத்துல எத்தன தீவு, எத்தன படகு! கூட்டத்த நேரலையா வேற போடறோம். முப்பதாயிரம் பேர் பார்ப்பாங்க."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏன் வேண்டாம் என்று அவன் கேட்பானே, அதற்கு என்ன சொல்வது? அதோடு, சபை கை தூக்கி இந்த வீட்டை மூடிவிட்டால், இன்று எங்கோ ஒரு குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு படம் அனுப்பிக்கொண்டிருக்கும் இன்னொருத்தி என்ன ஆவாள்? என்னைக் காப்பாற்றிய வீடு இது, என் கதைதான் இதைக் காப்பாற்றும் என்றால் அப்படியே ஆகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துவிட்டாளே தவிர, வெள்ளிக்கிழமை ஒரே கதவுக்கு மூன்று முறை எண்ணெய் விட்டாள்.

சனிக்கிழமை நாலு மணிக்குச் சிற்றாலயக் கூடத்தில் நிற்க இடமில்லை. வில்மத் முதல் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். மிஸ் ஓத்லின் லுட்வினா தைத்துக் கொடுத்த கவுனில் வந்திருந்தார். நைரா தோழிகளோடு ஜன்னலோரம் நின்றாள். நடுவே மூன்று கால் நாற்காலி மாதிரி ஒன்றின் மேல் டார்மோவின் போன், உலகத்தையே பார்க்கவைத்தபடி நின்றது.

பாஸ்டர் லேக் டார்மோவைப் பேசச் சொன்னார். அவன் வீடியோவுக்கு மன்னிப்புக் கேட்டான். பாறை பொய், நாய் பொய் என்றான்.

"நாங்க சட்டம் இல்லாதவங்கங்கறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அதுவும் பொய்."

முணுமுணுப்பு கொஞ்சம் அடங்கியது. அவன் கடிதத்தை எடுத்தான். தையல் மெஷின் வந்தது. லுட்வினா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"'மெஷினைத் தூக்கிவிட்ட மனிதர், என்னம்மா இது, பொண்ண விட இது கனமா இருக்கு, இத இடுப்புல வச்சுக்கிட்டு அத என்கிட்ட குடு என்றார். ஒரு வருடத்தில் நான் சிரித்தது அன்றுதான்.'"

முதல் பெஞ்சில் வில்மத்தின் கால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. தான் சொன்ன நகைச்சுவை தனக்கே தெரியாதா? கூடத்தில் ஒருவர் கூட லுட்வினா பக்கம் திரும்பவில்லை. ஒருவர் கூட. நூற்றைம்பது பேர் ஒரே நேரத்தில் திரும்பாமல் இருப்பது தற்செயலாக நடக்கிற காரியம் இல்லை. கடிதம் யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"'நான் ஓடிவந்ததற்குக் காரணம் என்...'"

அங்கே பாட்டு எழுந்தது.

மிஸ் ஓத்லின் எழுந்து நிற்கக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணை மூடிக்கொண்டு அடித்தொண்டையில் எடுத்தார். இரண்டாவது வரியில் வில்மத் சேர்ந்தார், நாலாவது வரியில் கூரைத் தகரம் அதிர்ந்தது. டார்மோ வாய் திறந்தபடி நின்றான். தன் கடிதம் இவர்களை உருக்கிவிட்டது என்று முதலில் நினைத்தான் போல, புன்னகை கூடச் செய்தான். பாட்டு முடிந்தது. அவன் காகிதத்தைத் தூக்கினான். இரண்டாவது பாட்டு எழுந்தது. அது முடிந்து அவன் தயங்கிக்கொண்டே வாயைத் திறக்க, மூன்றாவது. முப்பதாயிரம் பேருக்கும் அன்று கிடைத்தது தையல் மெஷினும் சிற்றாலயத்துப் பாட்டும்தான். நைரா எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பாட்டு ஓடும்போதே வில்மத் எழுந்து, தொப்பியைக் கழற்றி, டார்மோவின் போன் மேல் கவிழ்த்தார்.

"இப்பப் பேசலாம்," என்றார் மிஸ் ஓத்லின். "ஏன் தம்பி, பேர எடுத்துட்டா ஆள எடுத்துட்டதா ஆயிடுமா? தீவுல பேருன்னா என்ன? எங்க வில்மத்த நடையில தெரியும், என்னைய குரல்ல தெரியும். இன்னொருத்தர் ரகசியத்த உள்ள வச்சிருக்கிற பெட்டிக்கு இத்தன பூட்டுப் போட்டவன், சாவிய ஊர் நடுவுல ஆட்டிக் காட்டுவானா?"

டார்மோ காகிதத்தைப் பார்த்தான். கூடத்தைப் பார்த்தான். அவனுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. முகத்தில் இருந்த சிவப்பெல்லாம் இறங்கி வெளுத்துவிட்டது.

"அவங்க... இங்கயா?" என்றவன் உடனே கையை உயர்த்தினான். "சொல்லாதீங்க. யாருன்னு எனக்குச் சொல்லவே சொல்லாதீங்க." கடிதத்தை நாலாகக் கிழித்துத் தன் சட்டைப்பைக்குள் திணித்தான். "இத்தன வருஷமா ஊர் ஊரா இதப் பத்தித்தான் பேசறேன். எனக்கு ஒண்ணுமே தெரியல."

அந்த நேரத்தில் லுட்வினாவுக்கு அவன் மேல் கோபமே வரவில்லை. நன்றிதான் வந்தது, அந்தக் கிழிந்த காகிதத்துக்காகவும் சேர்த்து.

அவள் எழுந்தாள். "நான் அந்த வீட்ட ஒம்பது வருஷமா காவல் காக்கறேன்," என்றாள். "உள்ள என்ன இருக்குன்னு நான் பார்த்ததில்ல. திருடன் சாமானும் இருக்கலாம், எனக்குத் தெரியாது, இல்லன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா போறதுக்கு வேற இடமே இல்லாதவங்களும் அங்க வர்றாங்க. நம்ம ஊர்ல வாசல்ல நின்னு கூப்பிடுவோம், கேக்காம உள்ள போக மாட்டோம். அந்த வீடும் அவ்வளவுதான் செய்யுது. இருக்கட்டும்னு நான் கை தூக்கறேன்."

பாஸ்டர் கேட்பதற்கு முன்பே வில்மத்தின் கை மேலே போயிருந்தது. எண்ணிப் பார்க்க அவசியம் ஏற்படவில்லை. "இனிமே படம் போட்டா எங்க ஊர் படத்தப் போடணும்," என்று பாஸ்டர் ஒரு நிபந்தனை வைத்தார். "ஆட்டையும் சேர்த்து."

வெயில் தாழ்ந்து கடல் மஞ்சளாகும் நேரத்தில் லுட்வினாவின் வேலியோரம் குரல் கேட்டது.

"உள்ள யாரு?"

லுட்வினா போய் வாசல் கதவை முழுதாகத் திறந்தாள். "உள்ள வாங்க, மிஸ் ஓத்லின்."

அந்த அம்மாள் கொஞ்சம் திகைத்தார், பிறகு செருப்பைத் துடைத்துக்கொண்டு வந்தார். பச்சை மெஷின் ஜன்னலடியில் இருந்தது. அதைப் பார்க்காதவர் போல நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம் போல ஒரு துணியை நீட்டினார். "பாவாட ஓரம் பிரிஞ்சு போச்சு."

லுட்வினா அதை விளக்கருகில் பிடித்தாள். பிரிந்த நூல் முனை ஒவ்வொன்றும் ஒரே அளவில் இருந்தது. இத்தனை வருடம் வாசலில் வாங்கி அவசரமாகத் தைத்துத் தள்ளியதில் இதைக் கவனிக்கவே இல்லை.

"இது பிரிஞ்சதா, வெட்டினதா?"

"பழைய நூலு, பொண்ணே."

"கத்தரிக்கோல் பட்ட மாதிரி இருக்கு. ஒம்பது வருஷமாவா?"

மிஸ் ஓத்லின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "சும்மா வந்து நல்லாருக்கியான்னு கேட்டா நீ சொல்லிடுவியா? கதவ இன்னும் இறுக்கிச் சாத்துவ."

லுட்வினா மெஷினின் முன் உட்கார்ந்தாள். நூல் கோக்க முடியவில்லை, ஊசிக்காது தெரியவில்லை. "எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"என்ன தெரியும்? எனக்கு ஒண்ணும் தெரியாது." பிறகு அவரே சொன்னார். "நீ வந்த மூணாவது வாரம் ஒருத்தன் போட்டோவோட வந்தான். படகுத்துறையில வில்மத்தக் கேட்டான். இந்த மூஞ்சிய நான் பார்த்ததே இல்லன்னுட்டார். ரொட்டிக் கடையில கேட்டான். எங்கிட்ட கேட்டான். பாஸ்டர்கிட்டயும் போனான். பாஸ்டர் பொய் சொல்லக் கூடாதில்ல? அதனால அவன் தலையில கைய வச்சு ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டார். முக்கால் மணி நேரம். அவனே ஓடிட்டான்."

லுட்வினாவுக்கு நினைவு வந்தது. அந்த வாரம் ஊரில் அம்மை நடமாடுகிறது, குழந்தையை வெளியே விடாதே, நீயும் வராதே என்று மிஸ் ஓத்லின் வேலிக்கு அப்பாலிருந்து கத்திவிட்டுப் போனார். ஏழு நாளும் வாசல்படியில் சூப்புப் பானை இருந்தது. அம்மை யாருக்கும் வந்ததாக அப்புறம் கேள்விப்படவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இந்த ஊர் ஒன்பது வருடம் மறைத்திருக்கிறது. அவளோ எல்லா நன்றியையும் சுவருக்குப் பின்னாலிருந்த கம்ப்யூட்டர்களுக்கு மட்டுமே எழுதியிருந்தாள்.

"மிஸ் ஓத்லின்," என்றாள். "நான் எல்லாருக்கும் நன்றி சொல்லணும். ஒவ்வொரு வீடா போய்..."

"ஷ்! வாய மூடு. நன்றி சொன்னா எதுக்குன்னு கேப்பாங்க."

பின்கட்டிலிருந்து நைரா வந்தாள். நாற்காலியில் மிஸ் ஓத்லினைக் கண்டு வியந்து, "இன்னிக்கி என்ன, இவங்க உள்ள வந்திருக்காங்க?" என்றாள்.

"சும்மா," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். என்றாவது ஒருநாள் மகளுக்குத் தானே சொல்ல வேண்டும் என்று லுட்வினா நினைத்துக்கொண்டாள். இனி சொல்ல முடியும் என்றும் தோன்றியது.

பாவாடையைத் தைத்து முடித்து, மடித்துக் கையில் கொடுத்து, வாசல் வரை கூடவே வந்தாள்.

"அடுத்த வாரம் துணிய வெட்டாதீங்க," என்றாள். "வெறுங்கையோட வாங்க."

"வர்றேன்," என்றார் மிஸ் ஓத்லின், வாசல் கதவைத் தன் கையாலேயே சாத்தியபடி. "ஆனா இங்க நின்னு கூப்பிட்டுட்டுத்தான் வருவேன்."